குறுக்கே நிற்கும் ஒன்பது

பதஞ்சலியின் யோக சூத்திரம் ஆசனங்களுக்கு ஒதுக்கிய இடம் மிகக் குறைவு. ஆனால் யோகப் பயிற்சிக்குக் குறுக்கே வருபவற்றை அது பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. முதல் பாதத்தின் 30-ஆவது சூத்திரத்தில் உள்ளவை ஒன்பது: நோய், மனமந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், புலன் நாட்டம், பிழையான புரிதல், அடுத்த படியை எட்ட முடியாமை, எட்டிய படியில் நிலைக்க முடியாமை. இவற்றுக்கு ‘அந்தராயம்’ என்று பெயர். பாவம், குற்றம் என்ற சொற்கள் இந்த இடத்தில் இல்லை. மனத்தைச் சிதறடிப்பவை என்று மட்டுமே நூல் சொல்கிறது.

மனத்தை அடக்குவதைப் பேசும் நூல், தடைகளில் முதலாவதாக உடல்நோயை வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. தமிழிலும் இந்தப் பார்வை உண்டு. எட்டு உறுப்பு யோகத்தைத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் விளக்கும் திருமூலர், ஒரு காலத்தில் உடம்பைத் தாழ்வாக எண்ணியிருந்ததையும் பிறகு அதைப் பேணத் தொடங்கியதையும் தாமே சொல்கிறார்.

நோயோடு தொடங்கிய யோக வாழ்வுக்குப் பி.கே.எஸ். அய்யங்கார் தெளிவான சான்று. கர்நாடகத்தின் பெல்லூர் கிராமத்தில் 1918-இல், உலகமெங்கும் விஷக்காய்ச்சல் பரவிய ஆண்டில் பிறந்தவர் அவர். இளமையில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என ஒன்று மாற்றி ஒன்று வந்தது. 1934-இல் மைசூரில் அக்காள் கணவரான திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் போய்ச் சேர்ந்தபோது, மெலிந்து விறைத்திருந்த அந்த உடம்பு எளிதில் வளையவில்லை. மூன்றே ஆண்டுகளில் அவர் புணேக்கு யோகம் கற்பிக்க அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் அவர் வகுப்புகளில் மரக்கட்டை, வார்ப்பட்டை, சுவரில் கட்டிய கயிறு, மடக்கு நாற்காலி எல்லாம் இடம்பெற்றன. கை தரையைத் தொடாதவருக்குக் கட்டை தரையை உயர்த்திக் கொடுத்தது. நிற்க முடியாதவருக்கு நாற்காலி தாங்கலானது. உடம்பை ஆசனத்துக்குள் திணிப்பதற்குப் பதில், ஆசனத்தை உடம்பின் எல்லைக்கு இறக்கி வைத்த ஏற்பாடு இது. முழு நலத்தோடு வளர்ந்த ஒருவருக்கு இது தோன்றியிருக்குமா என்பது ஐயமே. அவர் 2014-இல், 95 வயதில் மறைந்தார்.

மனமந்தமும் சோம்பலும் ஒன்றுபோலத் தோன்றினாலும், யோக சூத்திரத்துக்கான வியாச உரை இரண்டையும் பிரிக்கிறது. செயலில் இறங்க மனம் தகுதியற்றுக் கிடப்பது முதலாவது. உடலும் மனமும் கனத்துப்போய் முயற்சி எழாமல் இருப்பது இரண்டாவது. காலையில் பாயை விட்டு எழ மறுப்பவர் தம்மைத் திட்டிக்கொள்ளும் முன், இவற்றில் எது தம்மைப் பிடித்திருக்கிறது என்று பார்க்கலாம். முந்தைய இரவு உணவும் உறக்கமும் சரியாக இல்லாததால் வந்த கனத்துக்கு மன உறுதி மருந்தாகாது. கவனமின்மைக்குப் பதஞ்சலி வைத்த சொல் ‘பிரமாதம்’. தமிழில் அது பாராட்டுச் சொல்லாக மாறிப்போனது தனிக்கதை.

பிழையான புரிதல் உடற்பயிற்சியிலும் உண்டு. ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாவிட்டால் தொடங்கிப் பயனில்லை என்ற எண்ணம் அதில் ஒன்று. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே தொடராகப் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த வரையறையை, 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அது நீக்கிவிட்டது. மாடிப்படி ஏறுவதும் கடைக்கு வேகமாக நடப்பதும் இப்போது கணக்கில் சேரும்.

கடைசித் தடையான நிலைக்க முடியாமைதான் பலரையும் வீழ்த்துவது. நாற்பது நாள் ஒழுங்காகச் செய்தவர், வீட்டில் ஒரு கல்யாணம் வந்து மூன்று நாள் விட்டதும் முழுக்கவே கைவிடுகிறார். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியின் குழு, 96 பேர் ஒரு புதிய பழக்கத்தைக் கைக்கொள்வதை ஆராய்ந்தது. பழக்கம் தானாக நிகழும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு முறை தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

தடைகளின் அடையாளங்கள் அடுத்த சூத்திரத்தில் வருகின்றன: துயரம், மனக்கசப்பு, உடல் நடுக்கம், சீரற்ற மூச்சு. பரிகாரங்களும் உடனே தொடர்கின்றன. ஒரே பொருளில் ஊன்றிய பயிற்சி முதலில் வருகிறது. பிறகு மகிழ்ச்சியில் இருப்பவரிடம் நட்பு, துன்பப்படுபவரிடம் இரக்கம், நல்லவரிடம் உவகை, தீயவரிடம் பாராமை. அதற்குப் பின் மூச்சை வெளியே விட்டு நிறுத்துதல். வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பின் செயலால் இதயத்துடிப்பு சற்றுத் தணிகிறது என்பதை இன்றைய உடலியலும் அறியும். இங்கிருந்து ஒவ்வொரு சூத்திரமும் ‘அல்லது’ என்ற சொல்லோடு புதிய வழியொன்றைத் திறக்கிறது. வரிசையின் கடைசியில், 39-ஆவது சூத்திரத்தில், அவரவருக்கு விருப்பமானதையே தியானிக்கலாம் என்று பதஞ்சலி விட்டுவிடுகிறார்.