வாங்கி விட்ட பொறிவண்டு ஏன் பறந்துபோகிறது?

அமெரிக்காவில் தோட்டப் பொருள் விற்கும் கடைகளில் உயிருள்ள பொறிவண்டுகளும் பையில் கிடைக்கும். அசுவினியைத் தின்று செடியைக் காப்பவை என்பதால், ரோஜா வளர்ப்பவர்கள் ஆசையாக வாங்கிப்போய்ச் செடியில் கொட்டுகிறார்கள். இரண்டொரு நாளில் பெரும்பாலானவை பறந்துவிடுகின்றன. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. வண்டுக்கு அப்போது முட்டையிடும் எண்ணமே கிடையாது.

இந்த வண்டுகள் பண்ணையில் வளர்ந்தவை அல்ல. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் வசந்தகாலத்தில் அசுவினி பெருகும்போது, 'ஹிப்போடேமியா கன்வர்ஜென்ஸ்' என்ற இந்த இனமும் பெருகும். கோடையில் இரை அருகியதும் புதிய தலைமுறை சியரா நெவாடா மலைக்குப் பறக்கும். அங்கே மகரந்தம் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, ஓடைக்கரைச் சருகுகளுக்குள் கும்பல் கும்பலாக அடைந்துவிடும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் இணைசேர்ந்து பள்ளத்தாக்குக்குத் திரும்பும். அதுவரை ஒரு முட்டைகூடக் கிடையாது. வியாபாரிகள் அள்ளுவது இந்தக் கும்பல்களைத்தான். 1910களில் மாநில அரசே டன் கணக்கில் அள்ளி முலாம்பழ விவசாயிகளுக்கு அனுப்பியிருக்கிறது.

குளிரில் விறைத்துக் கிடப்பது வேறு, இது வேறு. வெயில் கொளுத்தும்போதே இனப்பெருக்கம் நிறுத்தப்படுகிறது. பகலின் நீளம், வெப்பம், இரை ஆகியவற்றை எடைபோடும் மூளை, தனக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியை அடக்கிவைக்கிறது. அங்கே சுரப்பது இளமை ஹார்மோன். புழுப் பருவத்தில் பூச்சியை முதிரவிடாமல் தடுப்பது இதுவே. அதனால்தான் அந்தப் பெயர். வளர்ந்த பெண் பூச்சியில் அதன் வேலை தலைகீழ். அது சுரந்தால்தான் கொழுப்புத் திசு மஞ்சள்கருவுக்கான புரதத்தைத் தயாரிக்கும், சூலகம் அதை வாங்கி முட்டையை நிரப்பும்.

இதற்கு வழிகாட்டிய சோதனை சற்றுக் கொடூரமானது. லண்டனில் வின்சென்ட் விகில்ஸ்வர்த், தென் அமெரிக்காவின் 'ரோட்னியஸ்' என்ற ரத்தம் குடிக்கும் பூச்சியின் தலையை வெட்டினார். தலை போனாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் பூச்சி அது. சுரப்பியும் சேர்ந்து போனால் பெண் பூச்சியில் முட்டை முதிரவில்லை. சுரப்பியை விட்டுவைத்து வெட்டினால் முதிர்ந்தது. 1936இல் இதை அவர் வெளியிட்டார். பின்னர் நெதர்லாந்தின் வாகெனிங்கனில் டி வில்டெ குழுவினர் கொலராடோ உருளைக்கிழங்கு வண்டின் சுரப்பியை அகற்றியபோது, அது முட்டையிடுவதை நிறுத்தி, குளிர்காலம் வந்ததுபோல் மண்ணுக்குள் புகுந்துகொண்டது. அது விவசாயியின் எதிரிதான் என்றாலும், பாடம் நண்பர்களுக்கும் பொருந்தும்.

இந்த அறிவைக் காசாக்கியவர்கள் தக்காளிக்காரர்கள். ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் முன்பு ஆட்கள் அதிர்வுக் கருவியால் ஒவ்வொரு பூங்கொத்தாக உலுக்கி மகரந்தத்தை உதிர்த்தார்கள். 1980களின் இறுதியில் அந்த வேலை பம்பிள் தேனீக்களிடம் போனது. சிக்கல் என்னவென்றால், இணைசேர்ந்த ராணி இலையுதிர்காலத்தில் மண்ணுக்குள் போய் வசந்தம்வரை முட்டையிடாமல் கிடக்கும். தக்காளியோ குளிர்காலத்திலும் பூக்கும். ராணியைச் சிறிது நேரம் கார்பன் டை ஆக்சைடு வாயுவில் மயங்கவைத்தால், அந்த உறக்கத்தைத் தாண்டி முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. கூடுகள் ஆண்டு முழுக்க விற்பனைக்கு வந்தன.

பொறிவண்டிலும் இதற்கு இணையான வழி உண்டு. கொசுப் புழுவை ஒழிக்கப் பயன்படும் மெத்தோபிரீன், இளமை ஹார்மோனைப் போலவே செயல்படும் மருந்து. முட்டையிடாமல் முடங்கிய ஏழுபுள்ளிப் பொறிவண்டுக்குக் கொடுத்தால் சூலகம் விழித்துக்கொள்கிறது. ஆனால் மலையில் அள்ளி விற்கும் வண்டுக்கு யாரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. மலையை விட்டுப் பறக்க வேண்டும் என்ற உந்துதலோடுதான் அது பையிலிருந்து வெளிவருகிறது.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் யோசனை நடைமுறைக்கு ஒத்தது: செடியில் தண்ணீர் தெளித்து, பொழுது சாயும் நேரத்தில் விடுங்கள். அசுவினி மொய்த்த பெரிய ரோஜாச் செடி ஒன்றுக்கு ஏறக்குறைய 1,500 வண்டுகள், ஒரு வாரம் கழித்து இன்னொரு 1,500.