விலாசம் உள்ள கல்

1857 பிப்ரவரி 28ஆம் தேதி நண்பகலில், மதுரைக்குத் தெற்கே வானத்திலிருந்து இரண்டு கற்கள் விழுந்தன. விழுந்த ஊரை ஆங்கிலத்தில் ‘பர்னல்லி’ என்று எழுதிவைத்தார்கள். இரண்டும் சேர்ந்து 77 கிலோவுக்கு மேல். பெரிய கல் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விண்கல் பதிவேட்டில் உள்ள இடத்தை வரைபடத்தில் தேடினால், நம் வாசுதேவநல்லூருக்கு நேர் கிழக்கே, ஏறத்தாழ அதே அட்சரேகையில், 100 கிலோமீட்டர் தள்ளி வருகிறது.

கல் சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் கதையைத்தான். கல் லண்டனுக்குப் போய்விட்டது. ஆனால் எந்த நாளில், எந்த ஊரில் விழுந்தது என்ற விவரமும் கூடவே போயிருக்கிறது. விலாசம் இருப்பதால் அது அறிவியல் சாட்சி. விலாசம் தொலைந்திருந்தால் கறுப்பான ஒரு கனத்த கல், அவ்வளவுதான்.

சேர்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. ரத்தினக்கல் தேடுகிறவர் நிறம், தெளிவு, பட்டை தீட்டிய அழகு இவற்றைப் பார்ப்பார். கனிம மாதிரி சேர்ப்பவருக்குப் பட்டை தீட்டுவது என்றாலே ஆகாது. படிகம் தான் வளர்ந்த தாய்ப்பாறையோடு, இயற்கையான முகங்களோடு அப்படியே இருக்க வேண்டும். விரல் நகமளவு படிகம் பாறையில் ஒட்டியபடி கிடைத்தால், அதைப் பெயர்த்தெடுப்பதே குற்றம் என்று நினைப்பார். என் மனம் இவர் பக்கம்தான்.

இனி நம் ஊருக்கு வருவோம். மேற்கே தெரியும் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லை ஆராய்ந்து, அது சென்னைப் பகுதியின் கல் என்று கண்டுகொண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893இல் இந்தப் பாறைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். பரங்கிமலையில் இதே பாறையைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். புதிதாக உடைத்த முகத்தைப் பாருங்கள்: கருநீலச் சாம்பல் நிறம், எண்ணெய் தடவினாற்போல ஒரு மினுக்கம். அதுதான் அடையாளம்.

மழை பெய்து ஓடை வடிந்த மறுநாள் மணலில் கறுப்பு வரிகள் படிந்திருக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு பாலிதீன் கவரில் போட்டு அந்த வரியில் இழுத்துப் பாருங்கள். கறுப்பு மணிகள் மீசை முளைத்ததுபோல் கவரில் ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை வெளியே எடுத்தால் பொலபொலவென்று உதிரும். அது மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம். ஒட்டாமல் கிடக்கும் வெள்ளை மணி வெங்கச்சங்கல். தகடாக உரிந்து மின்னுவது காக்காப்பொன். நடுவே மாதுளை முத்தைப் போலச் சிவப்பாக ஏதாவது தெரிந்தால் மாணிக்கம் என்று துள்ள வேண்டாம். இந்தப் பாறைகளில் சாதாரணமாக வரும் கார்னெட் அது. முழுப் படிகம் கிடைத்தால் எளிதில் பிரித்தறியலாம்: கார்னெட் பெரும்பாலும் பல முகங்களோடு உருண்டிருக்கும், மாணிக்கம் ஆறு பக்கம் கொண்டது. கடினத்திலும் வித்தியாசம் உண்டு. ஃப்ரீட்ரிக் மோஸ் வகுத்த 10 படி அளவில் நகம் இரண்டரை, கண்ணாடி ஐந்தரை, வெங்கச்சங்கல் 7, கார்னெட் அதை ஒட்டி, மாணிக்கம் 9, வைரம் 10. வெங்கச்சங்கல்லே கண்ணாடியைக் கீறிவிடும். எனவே ‘கண்ணாடியைக் கீறுது, வைரம்தான்’ என்று சொல்லி யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

தமிழ்நாட்டில் ரத்தினக்கல் தொழில் மிகப் பழையது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம்தான் நொய்யல் கரையிலுள்ள கொடுமணல் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே அகழ்ந்தபோது பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம், பளிங்கு மணிகள் கிடைத்தன. முழுமையான மணிகளைவிட, துளை பாதியில் நின்றவையும் உடைந்த சில்லுகளும்தான் பெரிய செய்தி. மணிகள் அங்கேயே செய்யப்பட்டன, வெளியிலிருந்து வாங்கி வந்தவையல்ல என்று சொன்னவை அவைதான். மண்ணில் கிடந்த இடத்தை விட்டுக் கடைக்குப் போயிருந்தால், அந்தச் சில்லுகளை யாரும் காசுக்குக்கூட மதித்திருக்க மாட்டார்கள்.

மறுபடி விண்கல்லுக்கு வருவோம். அதற்கு விழுந்த ஊரின் பெயரைத்தான் வைப்பார்கள். 1865இல் பீகாரின் ஷெர்கோட்டியில் விழுந்த கல் செவ்வாய்க் கோளிலிருந்து வந்தது என்று பிற்காலத்தில் தெரிந்தது. அதே வகையில் உலகில் எங்கே கிடைத்தாலும் இன்று ‘ஷெர்கொட்டைட்’ என்கிறார்கள். 2008 செப்டம்பர் 12இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்தது சுமார் 110 கிலோ. அதற்குப் பெயர் சூளகிரி. பர்னல்லியும் சூளகிரியும் இரும்பு குறைந்த ஒரே பிரிவைச் சேர்ந்தவை. சூரியக் குடும்பம் பிறந்த காலத்தில், சுமார் 456 கோடி ஆண்டுகளுக்கு முன், உருகி உறைந்த சிறு துளிகள் பர்னல்லியில் பெரிதாக மாறாமல் அப்படியே தெரிகின்றன.

வயலில் கிடக்கும் கறுப்புக் கல்லை எப்படிச் சோதிப்பது? புதிதாக விழுந்த விண்கல்லின் மேல் மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும். காற்றைக் கிழித்து வந்த வேகத்தின் சூட்டில் உருகி உறைந்த தோல் அது. களிமண்ணில் கட்டைவிரல் அழுத்தியதுபோல் பள்ளங்கள் இருக்கலாம். அதே அளவுள்ள கருங்கல்லைவிடக் கனக்கும். காந்தம் இழுக்கும், ஆனால் இரும்பு குறைந்த வகையில் லேசாகத்தான். உள்ளே காற்றுக் குமிழித் துளைகள் நிறைந்திருந்தால் அது பெரும்பாலும் கொல்லுலையோ ஆலையோ கழித்துப் போட்ட இரும்புக் கிட்டம். பீங்கான் ஓட்டின் மெருகில்லாத பின்புறத்தில் தேய்த்தால் சிவப்புக் கோடு விழுந்தால் ஹேமடைட், கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட். விண்கல் பெரும்பாலும் கோடு போடாது. ஒன்று மட்டும் கவனம்: கடையில் விற்கும் சக்திவாய்ந்த காந்தத்தை வைத்து அழுத்தாதீர்கள். கல்லுக்குள் பதிந்திருக்கும் பழைய காந்தத் தடம் அழிந்துவிடும்.

‘விண்கல்லில் இரிடியம் இருக்கிறது, கோடிக்கணக்கில் போகும்’ என்று சொல்லும் கூட்டம் தென்மாவட்டங்களில் நிறைய உண்டு. கல் வகை விண்கல்லில் ஒரு டன்னுக்கு ஒரு கிராம் இரிடியம்கூடத் தேறாது. அரிசியை இழுக்கும் கலசம் என்பதும் இதே மோசடிதான். இதில் வீட்டுப் பத்திரத்தை இழந்த குடும்பங்கள் இருக்கின்றன.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். காப்புக்காட்டுக்குள் கிடக்கும் கல்லும் வனச் சட்டப்படி வனப்பொருள்தான். மலைக்குள் போய்ப் பொறுக்கக் கூடாது. கடற்கரைக் கனிம மணலையும் தொட வேண்டாம். அதில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருக்கும். பட்டா நிலத்தில் உரிமையாளரைக் கேட்டு எடுங்கள். விண்கல் என்று சந்தேகம் வந்தால் கழுவாமல், உடைக்காமல், சுத்தமான கவரில் வைத்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். நாட்டின் விண்கற்களைக் காப்பது அவர்கள்தான்.

மற்றக் கற்களை வீட்டிலேயே வைக்கலாம். கண்ணில் படாத ஒரு மூலையில் பொட்டளவு ஒயிட்னர் வைத்து, காய்ந்ததும் ஓர் எண் எழுதுங்கள். அதே எண்ணை நோட்டில் எழுதி ஊர், ஓடை அல்லது வயலின் பெயர், தேதி, எடுத்தவர் யார் என்று குறித்துவையுங்கள். அலமாரியில் ஏற்கெனவே கல் வைத்திருப்பவர்கள் நினைவில் இருப்பதை இன்றே எழுதிவிடுங்கள். அடுத்த மழைக்குள் எந்த ஓடை என்பது மறந்துவிடும்.