தோட்டப்புறத்துச் சாரணீயமும் அதன் தலைவர்களும்

ஊதியங் கருதாத மூத்தோர் சிலர் தம் ஓய்வுநேரத்தை இளைஞர்க்கு ஈந்து நடத்தும் இயக்கம் சாரணீயம் எனப்படும். இவ்விலக்கணத்திலுள்ள ஓய்வுநேரம் என்னுஞ் சொல்லை நகரத்துக் கல்லூரியிற் பயின்றோர் எளிதாகக் கடந்துசெல்வர். சப்பிரகமுவ மாகாணத்தின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலோ, சாரணீயத்தை நடத்த முற்படுவோர் எதிர்நோக்கும் இடர்களுட் பெரும்பாலானவை அந்த ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகின்றன.

1907ஆம் ஆண்டு பேடன் பவல் பிரௌன்சித் தீவில் முதற் பாசறையை அமைத்தபோது, ஏறத்தாழ இருபது சிறுவரை நான்கு அணிகளாக வகுத்தார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் எளியோர் வீட்டுப் பிள்ளைகளும் ஓரணியிற் கலந்து உண்டு உறங்கியமையே அப்பாசறையின் சிறப்பு என்பர். இலங்கையில் 1912ஆம் ஆண்டு எப். ஜி. ஸ்டீவன்ஸ் என்பார் மாத்தளைக் கிறிஸ்து தேவாலயக் கல்லூரியிற் சாரணீயத்தைத் தொடக்கினார். 1921ஆம் ஆண்டிலும் 1934ஆம் ஆண்டிலும் பேடன் பவலே இந்நாட்டுக்கு வந்து சென்றார். 1957ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் இயக்கத்துக்குச் சட்டவுருவம் அளித்தது. இவ்வரலாற்றை நோக்குமிடத்து அது பெரிதுங் கல்லூரிகளின் வரலாறாகவே காணப்படும். மாத்தளை தோட்டங்கள் சூழ்ந்த ஊர்தான். ஆயினும் அங்கு முளைத்த கொடி கல்லூரிச் சுவர்களைப் பற்றியே நாடெங்கும் படர்ந்தது. கல்லூரி இல்லாத இடத்தில் அதற்குக் கொழுகொம்பு இல்லை.

தோட்டத்திற் பாடசாலையே இல்லையோ எனின், உண்டு. ஆனால் அதன் அளவு சிறிது. குருளைச் சாரணர் பருவம் ஏறத்தாழ ஏழு வயதளவிற் றொடங்கிப் பதினொரு வயதளவில் முடிகின்றது. அதன் பின்னரே சாரணர் பருவம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களிலுள்ள தமிழ்ப் பாடசாலைகளுட் பல ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுவன. எனவே சிறுவன் சாரணனாகும் வயதை எய்தும் நாளிலேயே அவனுடைய தோட்டத்துப் பாடசாலை அவனைக் கைவிடுகின்றது. மேல்வகுப்புக்கு அவன் இறக்குவானைக்கோ, பலாங்கொடைக்கோ, எட்டியாந்தோட்டைக்கோ, தெஹியோவிற்றைக்கோ செல்லல் வேண்டும். மாலைப் பேருந்தைத் தவறவிட்டால் மலையேறி நடந்தே வீடு சேர வேண்டும். சாரணர் கூட்டம் நடைபெறுவதும் அம்மாலை வேளையிலேயாம். அணிநடையும் முடிச்சும் பயில ஆசையுள்ள பையன் வாயிலில் நின்று ஒருகணம் பார்த்துவிட்டுப் பேருந்துக்கு ஓடுகின்றான்.

அப்பாடசாலையின் ஆசிரியரே பெரும்பாலுஞ் சாரணத் தலைவராகவும் அமைகின்றார். கற்பித்தற்கு அவர் சம்பளம் பெறுகின்றார்; சாரணத்துக்கு எதுவும் பெறுவதில்லை. ஒருவரிடத்தே ஊதியத்தாரும் தொண்டருமாகிய இருவர் உறைகின்றனர் எனலாம். அவர் யாழ்ப்பாணத்தவராகவோ நுவரெலியா மாவட்டத்தவராகவோ இருப்பின், விடுமுறை தொடங்கியதும் ஊருக்குப் புறப்படுவார். பாசறைக்கு உகந்த காலமும் விடுமுறைக் காலமே. இடமாற்றக் கட்டளை வருங்கால், சம்பளத்துக்குரிய பதவிக்கு மற்றொருவர் வந்து சேர்வர். தொண்டுக்குரிய இடத்துக்கு எவரையும் எந்தக் கந்தோரும் அனுப்புவதில்லை. பதிவேடும் கொடியும் அலுமாரியிற் கிடக்க, படை தானே கரைந்துபோம். இதனை அவ்வாசிரியரின் குற்றம் என்பது முறையன்று. வீட்டை விட்டு நெடுந்தொலைவில் வாடகை அறையில் வாழும் இளைஞர் வாரத்தில் ஒரு மாலையை ஈந்ததே பெரிது.

ஆசிரியரை விடுத்துத் தோட்டத்து மக்களிடையே தலைவரைத் தேடுவோமெனப் புறப்படுவோர் அடுத்த இடரைக் காண்கின்றனர். தேயிலைத் தோட்டத்திற் காலைப் பிரட்டுக்கு நின்றவர் கொழுந்து நிறுத்து லயத்துக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். சனிக்கிழமை பயிற்சிக்குச் சென்றால் அன்றைய பேர் போய்விடும். பாதியில் விடைபெற்றால் அரைப்பேர். 2021ஆம் ஆண்டிலேயே நாட்கூலி 1,000 ரூபா என விதிக்கப்பட்டது. நாட்கூலியை நம்பி உலைவைக்கும் வீட்டில், மூன்றுநாட் பயிற்சிப் பாசறை என்பது மூன்று நாட் கூலியையும் அதன்மேற் பேருந்துச் செலவையும் இழத்தலாகும். நகரத்துத் தொண்டர் தம் ஓய்வைக் கொடுக்கின்றார். தோட்டத்துத் தொண்டர் தம் அரிசியைக் கொடுக்கின்றார். இருவர்க்கும் ஒரே சான்றிதழ் வழங்கப்படுகின்றது.

இறப்பர்த் தோட்டத்தின் நிலை சற்று வேறு. வெயில் ஏறுமுன்னரே பால் நன்கு வடியும் ஆதலின், பால்வெட்டுவோர் விடியலிலேயே மரத்தடிக்குச் செல்வர்; பால் சேகரித்துக் கொடுத்தபின் நண்பகலளவில் வேலை முடியும். பட்டை நனைந்த மழைநாளில் வெட்டே இல்லை. ஆகவே கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டங்களிற் பிற்பகல் ஒழிவு உண்டு எனக் கொள்ளலாம். ஆனால் அவ்வொழிவை வறுமை விட்டுவைப்பதில்லை. அயற்காணிகளிற் கைவேலையும், இரத்தினபுரிப் பக்கமாயின் மாணிக்கக் குழிகளின் வேலையும் இளைஞரை அழைக்கின்றன. இவ்வேறுபாடுகளை அறியாது எல்லாத் தோட்டங்கட்கும் ஒரே கிழமையையும் ஒரே நேரத்தையும் குறித்து அனுப்பும் சுற்றறிக்கை, அனுப்பியவருக்கு மட்டுமே பயன்படும்.

இந்நிலையிற் படையைத் தோட்ட உத்தியோகத்தர் ஒருவரிடம் ஒப்புவித்தல் எளிய வழியாகத் தோன்றும். கணக்கப்பிள்ளையோ கிளாக்கரோ எழுத்தறிவு மிக்கவர், தோட்டத்திலேயே குடியிருப்பவர், துரையிடம் பேசி மைதானத்தையும் லொறியையும் பெற வல்லவர். அவர்களுள் மனமுவந்து உழைப்போரும் உளர். ஆயினும் இங்கு ஒரு நுட்பம் உண்டு. செக்றோலிற் பேர் எழுதுங் கையே சாரணர் பதிவேட்டிலும் பேர் எழுதுமாயின், லயத்துப் பெற்றோர் தம் பிள்ளையை அனுப்ப மறுப்பதெங்ஙனம்? வேண்டாமெனச் சொல்லத் துணியாமையை விருப்பமென்று கொள்ளலாகாது. சாரணன் தன் விருப்பால் வாக்குறுதி எடுத்தல் வேண்டும் என்பது இயக்கத்தின் முதல் விதி. துரையின் சொற்கு அஞ்சி வந்த பையன் வரிசையில் நேராக நிற்பான். ஆனால் அவனுடைய தந்தை காலைப் பிரட்டில் நின்றதுபோலவே நிற்பான். மேலும், உத்தியோகத்தர் பிள்ளையும் தொழிலாளர் பிள்ளையும் ஓரணியில் இருக்கும்போது அணித்தலைவனாக எவன் தெரிவு செய்யப்படுகின்றான் என்பதிலே அத்தலைவரின் நடுவுநிலை வெளிப்பட்டுவிடும். பிரௌன்சித் தீவில் ஒரு கிழமையிற் செய்துகாட்டப்பட்டது, ஒரே மலையில் வீட்டின் உயரத்தைக்கொண்டு ஆளின் உயரம் அளக்கப்படும் இடத்தில் அத்துணை எளிதன்று.

ஊதியம் பெறும் பணியாளரின் துன்பம் வேறு வகையது. அது பெரும்பாலும் பேசப்படுவதுமில்லை. தொண்டரை மட்டும் நம்பிப் பெரிய இயக்கம் நடவாது என்பதைப் பிறநாட்டார் தொடக்கத்திலேயே உணர்ந்தனர். அமெரிக்கச் சாரணர் சங்கம் 1911ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் வெஸ்ற் என்பாரைத் தலைமை நிருவாகியாக அமர்த்தி, ஊதியப் பணியாளர் அமைப்பொன்றை வளர்த்தது. ஆங்கு எழுந்த வினாவே இங்கும் எழுகின்றது: ஊதியத்தார் தொண்டருக்குத் துணையோ, மேற்பார்வையாளரோ? தோட்டப்புறத்தில் இளைஞர் பணிக்கெனச் சங்கங்களோ தொண்டு நிறுவனங்களோ அனுப்பும் அலுவலர் இரண்டு மூன்று ஆண்டுத் திட்டத்திற்கெனவே வருகின்றனர். ஒரு தோட்டத்தின் பாதைகளும் மனிதரும் பழகுதற்கே ஓராண்டு செல்லும். மேலிடம் கேட்பது எத்தனை படைகள், எத்தனை பேர் என்னும் எண்ணிக்கையை. ஆகவே புதிய படைகளைத் தொடக்குவதில் அவருக்கு ஊக்கம். தொடக்கியதைக் காப்பதற்கு அவருக்கு நேரமுமில்லை, காத்ததைக் கணக்கிற் காட்டுதற்கு நிரலுமில்லை. சப்பிரகமுவவிற் பெரும்பான்மையோர் பேசுவது சிங்களம். மாவட்டப் பயிற்சி வகுப்பும் அம்மொழியில் நடப்பது இயல்பு. தமிழ்மட்டும் அறிந்த தோட்டத்துத் தலைவருக்கு அவ்வலுவலரே வாயாகவுஞ் செவியாகவும் இருத்தல் வேண்டும். இரு மொழியும் வல்ல இளைஞருக்குக் கொழும்பில் இதனினும் நல்ல சம்பளம் காத்திருக்கின்றது.

சாரணத் தலைவர்களின் பயிற்சிக்குப் பெயர்பெற்ற கில்வெல் பூங்காவை 1919ஆம் ஆண்டு வாங்கி அளித்த டி பொய்ஸ் மக்லாரன், இறப்பர் மரத்தைப் பற்றி நூலெழுதியவர் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. உலகமெங்குமுள்ள தலைவர்கள் மரமணி பெறும் பயிற்சிக்கு இறப்பரை அறிந்தவர் ஒருவரின் பொருள் உதவிற்று. இறப்பர் மரத்தடியில் வாழும் இளைஞர் அப்பயிற்சியை எட்டுதல் இன்றும் அரிதாயிருக்கின்றது.

தோட்டத்து மக்களிடம் தொண்டுணர்ச்சி குறைவு என்று கூறுவார் உளர். அவர் மாசி, பங்குனித் திங்களில் ஒரு தோட்டத்துக்குச் சென்று காமன் கூத்தைக் காணவேண்டும். ஒரு காசும் பெறாத இளைஞர் இரவிரவாக நோன்பிருந்து ஆடிப் பயின்று, பந்தலிட்டு, ஊரைத் திரட்டி அதனை நடத்துகின்றனர். மாரியம்மன் திருவிழாவும் அவ்வாறே. ஒரு வீட்டிற் சாவு நேர்ந்தால் மரண உதவிச் சங்கத்தார் வருவதற்குச் சுற்றறிக்கை தேவைப்படுவதில்லை. தொண்டு அங்கே நிரம்ப உண்டு. ஆனால் அதற்குத் தன்னிடத்துப் பெயரும் தன்னிடத்துத் தலைவரும் உளர். சீருடையும் கழுத்துப்பட்டியும் கேட்கும் புதிய தொண்டு, அப்பழைய தொண்டின் தலைவர்களை ஒருமுறையேனும் கலந்ததுண்டா என்பதே வினா. காமன் கூத்து வாத்தியார் ஒருவர் இருபது இளைஞரைப் பலநாள் ஒழுங்கில் நிறுத்தவல்லவர். நல்ல சாரணத் தலைவருக்கு இதற்குமேல் வேண்டிய தகுதி சிலவே.

பெண்டிரின் பங்கையும் மறத்தலாகாது. 1916ஆம் ஆண்டு இங்கிலாந்திற் குருளையர் பிரிவு அமைந்தபோது ஆடவர் போருக்குச் சென்றிருந்தனர். வேரா பார்க்கிளே போன்ற பெண்களே அப்பிரிவை உருவாக்கினர். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவிற் பணிபுரியும் பெண், அத்தோட்டத்துக் குழந்தை ஒவ்வொன்றின் பெயரையும் காய்ச்சலையும் அறிவார். குருளைச் சாரணர்க்கு அவரிலும் பொருத்தமான தலைவர் அரியர். ஆனால் வேலை முடிந்தபின் அவருக்கும் தண்ணீர், விறகு, அடுப்பு என்னும் மூன்று கடமைகள் வீட்டிற் காத்திருக்கின்றன.

இவையனைத்தினும் ஆழமான இடர் ஒன்று இருந்தது. நாட்டுக்குரிய கடமையைச் செய்வேன் எனச் சாரணன் வாக்குறுதி கூறுகின்றான். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ, சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சினோர் 1974ஆம் ஆண்டுவரை எவர்க்கும் உரியராகாது நின்றனர். நாடற்றோர் பிரச்சினைக்கு முடிவு காண 1988ஆம் ஆண்டின் சட்டமும் 2003ஆம் ஆண்டின் சட்டமும் வேண்டியிருந்தன. அவ்விடைக்காலத்தில் அவ்வாக்குறுதியைக் கூறிய பையன் எந்நாட்டை எண்ணிக் கூறியிருப்பான்? அதனைச் சொல்லிக்கொடுத்த தலைவர் எவ்விளக்கம் அளித்திருப்பார்? வளர்ந்துவந்த இளைஞர் பலர் பெற்றோருடன் தலைமன்னாரிற் கப்பலேறினர். 1977ஆம் ஆண்டின் வன்செயலும், 1981ஆம் ஆண்டு ஓகத்து மாதம் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களைத் தாக்கிய வன்செயலும் மேலும் பல குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சிப் புறங்களுக்குப் பெயர்த்தன. ஒரு தலைமுறைச் சாரணரே அடுத்த தலைமுறைக்குத் தலைவராவர் என்பது இயக்கத்தின் கணக்கு. தலைமுறையே பெயர்ந்துபோன இடத்தில் அக்கணக்குப் பொய்த்துவிடுகின்றது. குடியுரிமை வந்தபின்னர் அதனைப் புதிதாக எழுதவேண்டியவராயினர்.

எழுதுவோர்க்குக் கைகொடுக்கக்கூடியது அணிமுறையேயாம். ஆசிரியர் மாறினும் அலுவலர் திரும்பிச் சென்றாலும், ஒரே லயத்து வரிசையில் வாழும் ஆறு எட்டுப் பையன்கள் மாறுவதில்லை. அவர்களுக்குள் மூத்தவன் ஒருவன் அணித்தலைவனாக உண்மையில் நடத்தவிடப்பட்டால், வாரக் கூட்டம் மலையடி மைதானத்தை நம்பியிராது, லயத்து முற்றத்திலேயே நடைபெறும். அதற்கு ஓர் உண்மையான பணியும் அங்கே உண்டு. இரத்தினபுரியும் கேகாலையும் மண்சரிவு மிக்க மாவட்டங்கள். 2003ஆம் ஆண்டு மே மாதத்து வெள்ளமும் சரிவும் இரத்தினபுரியை அழித்தன. 2016ஆம் ஆண்டு மே மாதம் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலையே சரிந்தது. அதே நாட்களிற் புளத்கொகுபிட்டியவில் தோட்டக் குடியிருப்பொன்று மண்ணிற் புதைந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்துள்ள அளவின்படி, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 மில்லிமீற்றரெனின் எச்சரிக்கை. 150 மில்லிமீற்றரெனின் வெளியேறல் வேண்டும். எளிய மழைமானி ஒன்றை முற்றத்தில் நட்டு அளவு பார்த்தற்குச் சம்பளமும் வேண்டியதில்லை, சான்றிதழும் வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுப் பையன் அதனைச் செய்வான். கயிறு கட்டவும், காயத்துக்குக் கட்டுப்போடவும், இருளில் முதியோரை நடத்திச் செல்லவும் அவனைப் பழக்கலாம்.

ஆனால் மானி 100ஐக் கடந்த இரவில் அவன் எவருடைய கதவைத் தட்டுவான் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்படல் வேண்டும். தோட்ட நிருவாகத்திலோ சுகாதாரப் பகுதியிலோ சம்பளம் பெறும் ஒருவர், அப்பையனின் சொல்லை ஏற்று அந்நேரத்திலேயே எழுந்து மேலிடத்துக்குத் தொலைபேசுவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டிருத்தல் வேண்டும். அவருடைய பெயரும் இலக்கமும் ஒவ்வொரு லயத்தின் சுவரிலும் எழுதப்பட்டிருத்தல் நன்று.