போர்த் தண்ணீரில் விண்மீன் சமைத்த ஃபுளோரின்

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு பக்கத்து ஊர்களில் சில பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கறை படிந்திருக்கும். எவ்வளவு துலக்கினாலும் போகாது. ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த ஃபுளோரைடு, முளைக்கும் முன்பே பல்லைக் கெடுத்துவிடுகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அந்த நீர் குடிக்க ஆகாது. தருமபுரியின் பாறைகளில் உள்ள பயோட்டைட், அப்படைட் போன்ற கனிமங்களே இதற்கு மூலம். சரி, பாறைக்குள் ஃபுளோரின் எப்படி வந்தது?

பூமி உருவாகும் முன்பே மாண்டுபோன விண்மீன்களிடமிருந்து. சூரியனைவிட இரண்டு மூன்று மடங்கு நிறையுள்ள விண்மீன் முதுமையில் ஊதிப் பெருக்கிறது. அதன் உள்ளடுக்கில் வெப்பம் 10 கோடி டிகிரியைத் தாண்டும்போது ஹீலியம் கார்பனாகிறது. அங்கேயே நைட்ரஜன் சில படிகளில் ஃபுளோரினாக மாறுகிறது. ஆனால் இது எளிதில் அழியும் தனிமம். இன்னும் சூடேறினால் ஹீலியத்தோடு மோதி நியானாகிவிடும். அதற்குள் மேலடுக்குக்கு இழுக்கப்பட்டது மட்டுமே தப்பிக்கிறது.

பிறகு விண்மீன் தன் மேலடுக்குகளை வெளியே தள்ளிவிடுகிறது. மிஞ்சிய சூடான கருவின் புற ஊதாக் கதிர் பட்டு அந்த வாயு ஒளிர்வதே கோள்வடிவ நெபுலா. 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியைப் பிரித்தபோது, யாருக்கும் அடையாளம் தெரியாத பச்சைக் கோடு தென்பட்டது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே அது என்று 1927-ல் ஐரா போவன் விளக்கினார். இன்று இத்தகைய கோடுகளின் வலிமையைக் கொண்டே கார்பன், நைட்ரஜன், ஃபுளோரின் எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள்.

தருமபுரிக்கு அண்டையிலுள்ள ஜவ்வாது மலைக் காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி கொண்ட வைணு பாப்பு வானாய்வகத்தை இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துகிறது. அந்நிறுவனத்தின் கஜேந்திர பாண்டே, ஹைட்ரஜன் ஏறக்குறைய இல்லாத ஹீலியம் விண்மீன்களில் ஃபுளோரின் இருப்பதை 2006-ல் கண்டறிந்தார். நம் ஃபுளோரின் முழுவதும் முதிய விண்மீன்களில்தான் பிறந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை; ஒரு பகுதி அங்கே பிறந்தது என்பதற்குச் சான்று வலுவாகவே இருக்கிறது.

விண்மீனின் உலையில் உருவான அணுவை வீட்டு அடுப்பு ஒன்றும் செய்யாது. காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய் உங்கள் தெருவுக்கு வந்திருந்தால், குடிக்கவும் சமைக்கவும் அந்தக் காவிரி நீரையே பயன்படுத்துங்கள். போர்த் தண்ணீர் புழக்கத்துக்கு மட்டும் போதும்.