நிரற்பொதியின் உள்ளுறை காணும் முறை

தமிழ் நூல்களின் எழுத்தையும் அசையையும் கணிப்பொறி கொண்டு எண்ணியறியும் ஆய்வு இந்நாளிற் பல்கி வருகின்றது. அவ்வாய்வு செய்வார் வேண்டும் நிரல் அனைத்தையும் தாமே இயற்றுதல் அரிது. பிறர் இயற்றிப் பொதியாகக் கட்டிவைத்த நிரல் நூலகத்தையே எடுத்தாள்வர். அப்பொதியினுள் யாது உளது என்று திறந்து பாராமல் அது தரும் விடையை மேற்கொள்ளுதல் தகுமா? பைத்தான் மொழியில் அமைந்து, கட்டணமின்றி எவரும் பெறத்தக்கதாய் உள்ள 'ஓப்பன் தமிழ்' நூலகத்தைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வாம்.

இந்நூலகம் வேண்டப்படுவதன் காரணத்தை ஓர் ஊர்ப்பெயரால் விளக்கலாம். சங்கரன்கோவிற் பகுதியிலுள்ள 'குருவிகுளம்' என்னும் ஊரின் பெயர் 6 எழுத்தால் ஆயது. பைத்தானின் 'லென்' என்னும் செயற்கூறோ அதனை 11 என்னும். யூனிக்கோடு முறையில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பெறுதலின் 'கு', 'ம்' போல்வன இவ்விரண்டாக எண்ணப்படும். ளகரம் மட்டுமே ஒன்றாய் நிற்கும். ஓப்பன் தமிழின் 'கெட் லெட்டர்ஸ்' இவற்றை உரியவாறு கூட்டி 6 எனத் தரும்.

இனி, பொதியைத் திறக்குமாறு காண்பாம். பைத்தான் பொதிகள் பெரும்பாலும் 'வீல்' என்னும் வடிவில் வரும். பெயர் வேறாயினும் அஃது ஒரு ஜிப் கோப்பே ஆதலின், 'ஜிப்ஃபைல்' என்னும் கூற்றைக் கொண்டு உள்ளிருக்கும் கோப்புகளின் பெயரைப் படிக்கலாம். நிறுவிய பொதியாயின், 2019இல் பைத்தான் 3.8உடன் வந்த 'இம்போர்ட்லிப் மெட்டாடேட்டா' கோப்புப் பட்டியலையும் பதிப்பெண்ணையும் தரும். பொதியின் பெயர் ஓப்பன் தமிழ் என்றிருப்பினும் நிரலில் அழைக்க வேண்டும் பெயர் 'தமிழ்' என்பதே என்பது இப்பட்டியலால் விளங்கும். புதியோர் பலர் இடர்ப்படுவது இவ்விடத்தேதான்.

பின்னர், 'டிர்' என்னும் செயற்கூறு ஒரு கூற்றினுள் உள்ள பெயர்களையெல்லாம் நிரலே கூறும். பிற கூறுகளிலிருந்து இரவலாக வந்த பெயர்களும் அவற்றுட் கலந்திருக்கும். அப்பட்டியலில் 'குறில் லெட்டர்ஸ்', 'நெடில் லெட்டர்ஸ்' என்பன காணப்படும். பெயரளவில் நின்றார் தொல்காப்பியர் கூறிய நெடில் 7உம் ஈண்டு உள எனக் கொள்வர். அதனை அச்சிட்டுப் பார்ப்பின் ஆ, ஈ, ஊ, ஏ, ஓ என்னும் 5 மட்டுமே உள. ஐகார ஔகாரங்கள் ஈரொலி உயிர் எனப் பொருள்படும் வேறொரு பட்டியலில் வைக்கப்பட்டுள்ளன. இது பிழையன்று; ஒலியியலார் கொள்ளும் பாகுபாடு. ஆயினும் யாப்பாய்வு செய்வாருக்கு இது பெருங்கேடு விளைக்கும். நெடிற் பட்டியலில் இல்லாதன எல்லாம் குறில் என ஒருவர் நிரல் வகுத்தாராயின், 'தையல்' என்பது நேர்நேராய்த் தேமா ஆகாது, குறிலிணை ஒற்றடுத்த ஒரு நிரையசையாய் முடியும். ஆயிரம் பாடல்களை அலகிட்ட பின் கிடைக்கும் சீர்க்கணக்கு முழுதும் இதனாற் பிறழும். பிறழ்ந்தமையை நிரல் அறிவிக்கவும் அறிவிக்காது. இரு பட்டியலையும் கூட்டிக்கொள்ளின் இக்குறை நீங்கும். ஐகாரக் குறுக்கமோ இடம் நோக்கி வருவது. அது பட்டியலால் தீராது, தனியே விதி எழுதவேண்டும்.

செயற்கூறு ஒன்றன் நடையை அறிய விழைவார் 'இன்ஸ்பெக்ட்' கூற்றிலுள்ள 'கெட்சோர்ஸ்' வாயிலாக அதன் மூலநிரலையே படிக்கலாம். சி மொழியில் இயற்றிப் பொறிமொழியாக்கப்பட்டவற்றுக்கு இது பயன்படாது. ஒரு கூற்றை அழைத்த அளவிலே அதனுள் மேல்நிலையிலுள்ள கட்டளைகள் இயங்கிவிடும் என்பதும் கருதத்தக்கது. ஆதலின், அறியாதார் வெளியிட்ட பொதியை அழையாமல், ஜிப் கோப்பாகவே திறந்து படித்தல் நன்று.

சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்போர் எவ்வேட்டின் பாடம் எனக் குறித்தல் நம் மரபு. கணிப்பொறி வழி எண்ணிய ஆய்வேடுகளிலும் பொதியின் பெயரோடு பதிப்பெண்ணையும், எடுத்தாண்ட பட்டியல் எவ்வெழுத்துகளை உடைத்து என்பதையும் முறையியற் பகுதியிலேயே குறித்தல் வேண்டும். பதிப்பு மாறின் பட்டியலும் மாறக்கூடும்.