நீளமான கியர் கம்பியும் நடுவில் ஒரு தாங்கியும்



நம் சங்கக் குடும்பங்களில் என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளை இல்லாத வீடு குறைவு. மாணவர்கள் கூட்டாகச் சேர்ந்து தாங்களே ஒரு காரைக் கட்டிப் போட்டிக்குக் கொண்டுபோவதும் இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிப்பட்ட வண்டியில் வரும் சிறிய தொல்லை ஒன்றையும், அதற்கான பரிகாரத்தையும் இங்கே எழுதுகிறேன். சிறியதுதான், ஆனால் உயிருக்கு உலை வைக்கக்கூடியது.

சென்ற ஓணம் விடுமுறையில் என் தங்கையின் பேரனும் அவன் நண்பர்கள் மூவரும் தாங்கள் கட்டிய வண்டியைத் தனுவச்சபுரத்தில் உள்ள என் வீட்டுக்கு ஏற்றி வந்தார்கள். பழைய மாருதி 800 இஞ்சின், ஓட்டுபவரின் இருக்கைக்குப் பின்னால். கியர் லீவரோ முன்னால். இரண்டையும் இணைப்பது 12 மி.மீ. தடிமனும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள இரும்புக் கம்பி. பதிவு இல்லாத வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தராது. எனவே தெரிந்தவர் ஒருவரின் ரப்பர் தோட்டத்துப் பாதையில் ஓட்டினோம். மேட்டில் ஏறும்போது ஒரு குழியில் சக்கரம் இறங்கியது. கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. வண்டி பின்னால் உருண்டது. பையன் பிரேக்கை மிதித்ததால் கல் மதிலுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"தாத்தா, கியர் பாக்ஸ் கெட்டுப்போச்சுன்னு நினைக்கேன்" என்றான்.

"கியர் பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு மக்களே, கம்பியைப் பாரு" என்றேன்.

இஞ்சின் ஓடும்போது அந்தக் கம்பி நடுவில் துள்ளிக்கொண்டிருந்தது. இரு முனைகளைத் தவிர அதற்கு வேறு பிடிமானமே இல்லை.

நான் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன். அந்தக் காலக் கேபின்களில் லீவரை இழுத்தால் தொலைவில் தண்டவாளத்தின் பாயிண்ட் நகரும். இடையே நீண்ட இரும்புக் கம்பிதான். அதைத் தரையில் சும்மா போட்டிருக்க மாட்டோம். குறுகிய இடைவெளிகளில் உருளைகள் வைத்து அவற்றின் மேல் ஓடவிட்டிருப்போம். கை கொடுக்கும் கம்பியை இழுத்தால் அது நேராக நிற்கும். தள்ளினால் வளையப் பார்க்கும். பாயிண்டுக்கு இழுக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். அதனால்தான் உருளைகள். கைகாட்டிக்கு இழுப்பு மட்டும் போதும். அங்கே வெறும் ஒயர்.

கியர் கம்பிக்கு இன்னொரு வேலையும் உண்டு. லீவரை முன்னும் பின்னும் அசைத்தால் கம்பி நகர வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் கம்பி தன் அச்சில் திரும்ப வேண்டும். எனவே தாங்கி என்பது நகர்வதையும் திரும்புவதையும் தடுக்கக் கூடாது. மேலும் கீழும், இடமும் வலமும் துள்ளுவதை மட்டும் தடுக்க வேண்டும். முழு விஷயமும் இவ்வளவுதான்.

பையன்கள் முதலில் இரண்டு இடங்களில் கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். துள்ளல் நின்றது; கியரும் நின்றுவிட்டது! லீவர், இரண்டு கிளாம்ப், கியர் பாக்ஸ் ஆகிய நான்கும் ஒரே நேர்கோட்டில் இல்லை. கம்பி இடையில் சிக்கிக்கொண்டது.

பிறகு கணக்குப் போட்டோம். இந்தக் கம்பி தன் எடையாலேயே நடுவில் சுமார் 3 மி.மீ. தொங்குகிறது. இதற்குப் பதிலாக 20 மி.மீ. வெளிவிட்டமும் 2 மி.மீ. சுவரும் உள்ள பைப்பைப் போட்டால் எடை மாறாது. 20-இன் வர்க்கத்தில் 16-இன் வர்க்கத்தைக் கழித்தால் 12-இன் வர்க்கம். இரும்பின் அளவு ஒன்றே. ஆனால் வளையாத திறன் நான்கரை மடங்கு.

பைப் மட்டும் போதுமா? போதாது. ஒன்றரை மீட்டர் பைப்பின் இயல்பான அதிர்வு நொடிக்குச் சுமார் 22. மூன்று சிலிண்டர் இஞ்சின் 900 சுற்றில் சும்மா ஓடும்போது நொடிக்கு 22 அல்லது 23 முறை எரிகிறது. இரண்டும் ஒத்துப்போனால் ஊஞ்சலைத் தாளம் தவறாமல் தள்ளியது போலத்தான். சரி நடுவில் ஒரு தாங்கி வைத்தால் அதிர்வு எண் நான்கு மடங்காகி 90-ஐத் தொடும். தள்ளும்போது வளையாமல் தாங்கும் சுமையும் நான்கு மடங்காகும்.

தாங்கியை இப்படிச் செய்தோம். லேத்தில் கடைந்த நைலான் புஷ். உள்ளே கால் மி.மீ. அளவு இளக்கம். அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். அதை ஒரு இரும்புப் பட்டையில் பொருத்தி, பட்டையைச் சேஸில் போல்ட் போட்டோம். ரப்பர் இருப்பதால் சிறு கோணல் மன்னிக்கப்படும்; அதிர்வும் அடங்கும். போல்ட் ஓட்டைகளை நீளவாக்கில் அறுத்து, எல்லா கியரையும் போட்டுப் பார்த்து, கம்பி தானாக நிற்கும் இடத்தில் புஷ்ஷை இறுக்கினோம். கம்பியைப் புஷ்ஷுக்கு இழுக்கக் கூடாது; புஷ்ஷைக் கம்பிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இன்னும் ஒன்று பாக்கி. இஞ்சின் ரப்பர் மவுண்டில் ஆடும், சேஸ் ஆடாது. எனவே கியர் பாக்ஸ் முனையில் யுனிவர்சல் ஜாயிண்ட் வேண்டும். கம்பி பெட்ரோல் டாங்கைச் சுற்றி வளைய வேண்டியிருந்தால், வளைத்த கம்பியைப் போடாதீர்கள். இரண்டு நேர்க் கம்பிகளை ஒரு ஜாயிண்டால் இணைத்து, ஜாயிண்டுக்குப் பக்கத்தில் புஷ் வையுங்கள். லாரியின் நீண்ட ஷாப்டுக்கு நடுவில் சென்டர் பேரிங் வைப்பதும் இதே போன்ற முறைதான்.

இதெல்லாம் புதிதல்ல. பின்னால் இஞ்சின் உள்ள போக்ஸ்வாகன் பீட்டில் காரில் நடுச் சுரங்கத்துக்குள் ஓடும் கியர் கம்பிக்கு ஒரு சிறு புஷ் உண்டு. அது தேய்ந்தால் லீவர் கடகடக்கும், கியர் அகப்படாது. நம் கோவை எஸ். கரிவரதன் 1980-களின் பிற்பகுதியில் மாருதி 800 இஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். நாராயண் கார்த்திகேயன் பந்தய வாழ்வைத் தொடங்கியது அந்த பார்முலா மாருதியில்தான். 2005-இல் அவர் பார்முலா 1 வரை போனார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவையின் கரி பந்தயத் திடல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மறுநாள் அதே மேட்டில், அதே குழியில் மூன்று முறை ஏற்றிப் பார்த்தோம். கியர் அசையவில்லை. புஷ்ஷுக்கும் பட்டைக்கும் ஆன செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான்.

உங்கள் பிள்ளையும் வண்டி கட்டுகிறான் அல்லது கட்டுகிறாள் என்றால், எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பதற்கு முன் குனிந்து கியர் கம்பியை ஒரு முறை பாருங்கள். நடுவில் பிடித்திருக்கிறதா, பிடித்த இடத்தில் நகர்கிறதா, திரும்புகிறதா? இந்த மூன்றையும் பார்க்க டிப்ளமோகூட வேண்டாம். கையால் அசைத்துப் பார்த்தாலே போதும்.