பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வீலை மாற்றும் முன், என்ஜினை இறக்கும் முன்

ஃபியட் பாலியோ 1.6 காரின் வீலைக் கழற்றினால் ஹப்பில் நான்கு போல்ட் துளைகள் தெரியும். அந்த நான்கின் மையங்கள் வழியாகச் செல்லும் வட்டத்தின் விட்டம் 98 மில்லிமீட்டர். கடையில் வரிசையாகத் தொங்கும் அலாய் வீல்களில் பலவும் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வகை வண்டிகளுக்காக 100 மில்லிமீட்டர் வட்டத்தில் துளையிடப்பட்டவை. அந்த வீல் பாலியோவிலும் ஏறிவிடும், போல்ட்டும் முறுகும், பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு துளையும் ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்பதால் போல்ட்டின் கூம்பு முகம் வீலில் முழுதாக உட்காராது. போல்ட் லேசாக வளைந்தபடியே சுமை தாங்கும். நாளடைவில் தளரும், அல்லது தேய்வுற்று முறியும். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அது முறிந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

பாலியோ, சென்னைக்கு அருகே திருவள்ளூர் ஆலையில் உருவான மிட்சுபிஷி லான்சர், மறைமலை நகரிலிருந்து வந்த ஃபோர்டு ஐகான் 1.6, ஹோண்டா சிட்டி விடெக், ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் என்று பழைய வேகக்கார வண்டிகளை ஆசையாக வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. அவர்களுக்கு ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். விற்ற கடைக்காரரும் மாட்டிய மெக்கானிக்கும் நாளை உங்களோடு நிற்பார்கள் என்று நம்பியிருக்க முடியாது. சாலையில் போலீஸ், ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் கம்பெனி என்று யார் கேள்வி கேட்டாலும், முதலில் பதில் சொல்ல வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான். அதனால் ஸ்பானருக்கு முன்னால் காகிதம்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும் விதத்தில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. 2019-இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதியில்லாத பாகங்களைப் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. அதே பிரிவு விற்பவரையும் விடவில்லை. பாதுகாப்புக்கு இன்றியமையாதவை என்று அரசு அறிவித்த பாகங்களைத் தரமில்லாமல் விற்றால் ஒரு பாகத்துக்கு 1 லட்சம் ரூபாய் அபராதமோ ஓராண்டு வரை சிறையோ கிடைக்கும். ஆனால் வாங்கியதற்கான பில் உங்கள் கையில் இல்லையென்றால் விற்றவரைச் சட்டத்தின் முன் நிறுத்துவது எப்படி?

இதைப் படித்துவிட்டு எதையுமே தொடக் கூடாதோ என்று பயப்பட வேண்டாம். தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே அளவில் புதியது போடுவது பராமரிப்பு, மாற்றம் அல்ல. சிலிண்டர் தேய்ந்தால் போர் அடித்து, தயாரிப்பாளரே அனுமதித்த 0.25 அல்லது 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவதும் பழுதுபார்ப்புதான். பாலியோ 1.2-இல் 1.6 என்ஜினை இறக்குவது அப்படியல்ல. அங்கே குதிரைத்திறனும் கொள்ளளவும் என்ஜின் எண்ணும் மாறுகின்றன. அதே ரக என்ஜினைப் போட்டாலும் எண் மாறும் என்பதால் ஆர்.டி.ஓ.விடம் முன்அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும். புதுப்பேட்டையிலோ உக்கடத்திலோ பழைய என்ஜின் வாங்குகிறவர்கள் என்ஜின் எண் குறித்த பில்லும், அது கழற்றப்பட்ட வண்டியின் விவரமும் இல்லாமல் பணம் கொடுக்கவே கூடாது. அந்த எண் ஏதாவது திருட்டு வழக்கில் இருந்தால் சிக்கல் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்.

வீலுக்கு வருவோம். லான்சர் கால வண்டிகளில் பரவலாக இருந்த டயர் அளவு 175/70 ஆர்13. பக்கவாட்டு உயரத்தையும் ரிம்மையும் கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 575 மி.மீ. பதினைந்து அங்குல ரிம் ஆசை இருந்தால் 195/50 ஆர்15 டயரின் விட்டம் 576 மி.மீ. கிட்டத்தட்ட அதே உயரம், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. அதே ரிம்மில் 195/55 போட்டால் 595 மி.மீ. ஆகிவிடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 103-க்கு மேல் ஓடும், ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஃபெண்டரில் உரசவும் செய்யும். கணக்கு பொருந்தினால் மட்டும் போதாது. உங்கள் மாடலின் உயர் வேரியன்ட்டுக்கு கம்பெனியே கொடுத்த அளவுதான் ஆய்விலும் இன்சூரன்ஸிலும் வம்பில்லாதது.

டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் 82டி என்பது போல ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை, எச் என்றால் 210, வி என்றால் 240. பழையதைவிடக் குறைந்த எண்ணில் வாங்கக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று தனியாக இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம். கேட்பார் குறைந்த பழைய அளவு டயர்கள் குடோனில் வருஷக்கணக்கில் கிடந்து "புதுசு" என்று விற்கப்படுவது இங்கேதான் நடக்கிறது. குனிந்து அந்த நான்கு இலக்கத்தைப் படிப்பது உங்கள் உரிமை. தேதி பிடிக்கவில்லையென்றால் வேண்டாம் என்பதும் உங்கள் உரிமை. பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போன டயரில் கார் ஓட்டுவது சட்டப்படியும் தவறு.

அலாய் வீலின் நடுத்துளையையும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பாலியோவின் ஹப் 58.1 மி.மீ.; கடை அலாய்களின் துளை பெரும்பாலும் இதைவிடப் பெரிது. இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாவிட்டால் எடை முழுவதும் போல்ட் மேல் இறங்கும், ஸ்டியரிங் உதறும். பேலன்ஸிங் எத்தனை முறை செய்தாலும் அந்த உதறல் போகாது. அகலம் காட்ட ஸ்பேசர் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து, பாலிஷ் போட்டு, புதுசு போல விற்கிறார்கள். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பெயின்ட்டுக்கு அடியில் தையல் போன்ற மேடு தெரிந்தால் கையைக் கழுவிவிட்டு வந்துவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதன் உரிம எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம், போலியென்றால் அதிலேயே புகார் செய்யலாம். மாட்டிய பின் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டார்க் ரெஞ்சால் போல்ட்டை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். ஏர் கன்னால் மட்டும் முறுக்கிவிட்டு அனுப்புவது வேலையை முடித்ததாகாது.

என்ஜினில் "பவர் ஏற்ற" நினைப்பவர்கள் முதலில் இழந்த பவரை மீட்டாலே ஆச்சரியப்படுவார்கள். நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது: வண்டி சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவார்கள், ரேடியேட்டர் ஃபேனுக்கு "டைரக்ட்" கொடுப்பார்கள், போர்வெல் தண்ணீரை ஊற்றுவார்கள். சூடு குறைந்த மாதிரி தெரியும். உண்மையில் என்ஜின் சரியான வெப்பத்துக்கே வராததால், குளிரில் ஸ்டார்ட் ஆனதாக நினைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளும். மைலேஜ் விழும், எண்ணெயில் பெட்ரோல் கலக்கும், புகைச் சோதனையில் தோற்கும். உப்புத் தண்ணீர் ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் அரிக்கும். கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி, புது தெர்மோஸ்டாட், அடைப்பு நீக்கிய ரேடியேட்டர்: செலவு சில ஆயிரம்தான், பலன் பெரிது.

டைமிங் பெல்ட்டைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இந்த வண்டிகளில் பல, பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதும் வகை. கிலோமீட்டர் குறைவாக ஓடியிருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ரப்பருக்கு வயதும் உண்டு, ஆண்டுக்கணக்கையும் மேனுவலில் பாருங்கள். பெல்ட் மாற்றும்போது டென்ஷனரும் வாட்டர் பம்பும் சேர்த்து மாற்றுவது லாபம், ஏனென்றால் கூலி ஒன்றுதான். பெட்ரோல் ஹோஸ்களும் அப்படித்தான். இப்போது பங்க்குகளில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருகிறது. இருபது வருஷ ரப்பர் குழாய் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வெடிப்போ ஈரமோ பெட்ரோல் வாசமோ இருந்தால், எத்தனால் தாங்கும் குழாய் போடும் வரை வண்டியை எடுக்காதீர்கள். பழைய கார் தீப்பிடிக்க ஒரு சொட்டுக் கசிவு போதும்.

"என்ஜின் முழுசா இறக்கணும்" என்று யாராவது சொன்னால், கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்து நான்கு சிலிண்டருக்கும் அளவை எழுதித் தரச் சொல்லுங்கள். குறைவாக உள்ள சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். வால்வு வேலைக்கு முழு என்ஜினையும் பிரிக்க வேண்டியதில்லை. அரை மணி நேரச் சோதனை அறுபதாயிரம் ரூபாயைக் காப்பாற்றும்.

கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் "காலி பண்ணினால்" வண்டி பறக்கும் என்ற பேச்சை நம்பாதீர்கள். அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருக்கிறது. கழற்றியவர் அதை விற்றுவிடுவார். உங்களுக்கு மிஞ்சுவது புகைச் சோதனைத் தோல்வி. புகை, சத்த வரம்பை மீறி ஓட்டினால் 190-வது பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். கழற்றும் எந்தப் பழைய பாகமும் உங்கள் சொத்து, திருப்பிக் கேளுங்கள்.

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது ஜாப் கார்டு கட்டாயம். செய்ய வேண்டிய வேலை, போடும் பாகத்தின் எண், மதிப்பீடு, கிலோமீட்டர் ரீடிங், பெட்ரோல் அளவு எல்லாம் அதில் இருக்கட்டும். மதிப்பீட்டுக்கு மேல் போனால் போன் செய்து கேட்க வேண்டும் என்றும் எழுதி வாங்குங்கள். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி உங்கள் வண்டியைத் தன் பொருளைப் போல் கவனிக்கும் பொறுப்பு ஒர்க்‌ஷாப்புக்கு உண்டு. டெஸ்ட் டிரைவ் தாண்டி, உங்கள் வண்டியை யாராவது ஊர் சுற்ற எடுத்துப் போய் இடித்தால் 154-வது பிரிவின்படி அவர்களே நஷ்டஈடு தர வேண்டும். ரீடிங்கைக் குறித்து வைக்கச் சொன்னது அதற்காகத்தான். அதே சட்டத்தின் 170-வது பிரிவு, செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்க மெக்கானிக்குக்கும் உரிமை தருகிறது. ஜாப் கார்டில் இல்லாத வேலைக்குக் கூலி கேட்டால், நீங்கள் ஒப்புக்கொண்டது எது என்பதைக் காட்ட அந்தக் காகிதம்தான் இருக்கும்.

பில் தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகைக்கு அங்கே மதிப்பில்லை. 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பேசலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அறுந்த பெல்ட்டையும் முறிந்த போல்ட்டையும் வளைந்த வால்வையும் பையில் கட்டி வையுங்கள். ஆணையம் அவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க முடியும். அவை இல்லாத வழக்கில் உங்கள் வார்த்தைக்கு எதிராக எதிர்த்தரப்பின் வார்த்தைதான் மிஞ்சும்.

அலாய் வீல் உட்பட செய்த எந்த மாற்றத்தையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். மறைத்தால், க்ளெய்மைக் குறைக்கவோ மறுக்கவோ அதுவே காரணமாகிவிடும். விபத்தில் அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்த நஷ்டஈட்டை, பாலிசி நிபந்தனை மீறப்பட்டிருந்தால் உங்களிடம் திரும்ப வசூலிக்கும் ஆபத்தும் உண்டு. க்ளெய்மை மறுத்தார்கள் என்பதாலேயே எல்லாம் முடிந்துவிடவில்லை. தனியார் வண்டியை வாடகைக்கு விட்ட ஒரு வழக்கில், நிபந்தனை மீறல் இருந்தும் முழுதாக மறுக்காமல் 75 சதவீதம் வரை தரலாம் என்ற வழியை 2010-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. முதலில் கம்பெனிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் திருப்தியாக இல்லையென்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் போகலாம், கட்டணம் கிடையாது.

பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசின் கட்டணம் 5,000 ரூபாய். இருபது ஆண்டு தாண்டினால் 2025 ஆகஸ்ட் முதல் 10,000. பசுமை வரி தனி. பதிவு முடிய அறுபது நாள் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். ஆய்வாளர் வீலையோ சைலன்சரையோ காட்டி மறுத்தால், வாய்ச்சொல்லை ஏற்றுத் திரும்பாமல் காரணத்தை உத்தரவாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் 57-வது பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். உத்தரவின் நகலோடு கம்பெனி மேனுவலில் உங்கள் டயர் அளவு அச்சாகியிருக்கும் பக்கத்தையும் இணைத்துவிடுங்கள்.